பக்கத்து ஊருக்குப் போகும் சாலை

பக்கத்து ஊரைப் பற்றி யாராவது ஏளனமாக ஒரு வார்த்தை சொன்னால், அங்கே போகும் சாலை கொஞ்சம் நீண்டுவிடும். நடுவில் புதிதாக ஒரு மரம் முளைத்து நிற்கும். இல்லையென்றால் யாருக்கும் சொந்தமில்லாத கட்டாந்தரை ஒன்று விரிந்து கிடக்கும். ஆதியில் பீடி அணைவதற்குள் நடந்துவிடக்கூடிய தூரம்தான். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் வாய் ஓயாது என்பதால், ஒரு தலைமுறைக்குள் காலையில் கிளம்பும் பேருந்து மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மைல்கல் நட்டு நட்டு அலுத்துப்போன அரசாங்கம், எண் எழுதாமல் வெறும் கல்லை நட்டுவிட்டுப் போனது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேறு விஷயம் இருந்தது: ரயில் நிற்காத ஸ்டேஷன் எந்த ஊரில் பெரியது?

ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்தான் இந்த ஊரின் பெருமை. அதாவது, வேறு பெருமை இல்லை. நகராட்சி நூற்றாண்டுக்கு ஊர் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. உண்மை வரலாறு ஒரு வரிதான்: எங்கோ போய்க்கொண்டிருந்த வண்டியின் அச்சு முறிந்தது, வண்டிக்காரனுக்கு அதைச் சரிசெய்யச் சோம்பலாக இருந்தது. மீதிப் பக்கங்களைப் பக்கத்து ஊரின் மட்டத்தனத்தால் நிரப்பினார். ஆறே வெட்கப்பட்டுத்தான் அங்கே வளைந்து போகிறது என்று எழுதினார். 'அவ்வூரில் விளைந்த எதுவும் உருப்பட்டதில்லை' என்றும் எழுதினார்.

அவருடைய மனைவி பக்கத்து ஊர்க்காரி. அச்சுப்பிழை பார்ப்பதற்காக அடுப்படியில் வைத்துப் படித்தவள் அந்த வரியில் நின்றாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "நான் விளைஞ்சதும் அங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். அவள் அங்கே போய் இறங்கிய பிறகு, இங்கே நகராட்சித் தலைவர் அந்த அத்தியாயத்தை மைக்கில் வாசித்தார். திரும்பி வரவேண்டிய பேருந்து மறுவாரம்தான் வந்தது, தாடி வளர்ந்த ஓட்டுநரோடு.

உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சில நாள் சாப்பிட்டுப் பார்த்த வாத்தியார், மனைவியைக் கூட்டிவரப் பேருந்து ஏறினார். வழியெல்லாம், "அருமையான ஊர்! தங்கமான ஜனங்க!" என்று உரக்கப் புகழ்ந்தார். சாலை ஏமாளியல்ல, இரண்டு குன்றுகளைக் கூடுதலாக நிறுத்தியது. நடத்துநர் விசில் ஊதினார்.

"சார், நீங்க வாயத் தொறந்தா டீசல் தீருது. எறங்கி நடங்க."

நடந்தார். கால் கொப்பளித்தது. கோபம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தன் புத்தகத்தின்மேலேயே வந்து விழுந்தது. "நம்ம ஊரு மட்டும் என்ன வாழுதாம்?" என்றார். எதிரே நின்ற மரம் காணாமல் போனது. வாத்தியார் விடவில்லை. கோட்டை என்று தான் எழுதியது மாட்டுக்கொட்டகைச் சுவர் என்றார். கடைத்தெருவில் நிற்கும் வீரனின் சிலை, மூக்கு சரியில்லை என்று வேறொரு ஊர் திருப்பியனுப்பிய சரக்கு என்றார். இத்தனை வருஷம் மறைத்ததையெல்லாம் கொட்டக் கொட்டக் குன்றுகள் பாய் மாதிரி சுருண்டன.

மாமியார் வீட்டு முற்றத்தில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளை நோக்கி நடந்தார், நடந்தார். நாலடி தூரம் மட்டும் குறையவே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஊரப் பத்திச் சொல்லியாச்சு. இப்ப ஒங்களப் பத்திச் சொல்லுங்க."

அவர் கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தார். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளிருந்து தம்பி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, மாமாவுக்கு எல போடவா?"

"இருடா. இப்பதான் ரெண்டாவது வருஷத்துக்கு வந்திருக்காரு."

சோறு ஆறிப்போன பிறகுதான் அவர் கை அவள் நாற்காலியைத் தொட்டது.

வரலாற்றின் மறுபதிப்பில் வண்டி அச்சு மட்டும் இருக்கிறது. இப்போதெல்லாம் நடத்துநர் டிக்கெட் கிழிப்பதற்கு முன், ஏறியவர்கள் ஆளுக்கொரு குறை சொந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனம் விட்டுச் சொன்னால் பீடி அணைவதற்குள் போய்விடலாம். ஊர்ப்பெருமை பேசுகிறவர்களுக்குக் கடைசி வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேருந்து போய்ச் சேர்ந்து சற்று நேரம் கழித்து அந்த வரிசை வந்து சேரும்.