இன்னும் இரண்டு வருடத்துக்கு

“எந்த வீட்டுக்கு?” என்று அக்கா கேட்டதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“உங்க வீட்டுக்குத்தான் மேடம். வேற யார் வீட்டுக்கு அனுப்பப் போறோம்?”

லேப்டாப்புக்குப் பில் போட்டு முடித்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு, அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்திருந்தார். ஒரு வருட வாரண்டி லேப்டாப்போடு தானாகவே வந்துவிடுமாம். கொஞ்சம் கூடக் கட்டினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாமாம். எது கெட்டாலும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், மெக்கானிக் வீட்டுக்கே வருவாராம்.

“அட்ரஸ் மட்டும் இதுல எழுதிக் குடுங்க மேடம். எழுதினா எழுதினதுதான், அப்புறம் மாத்த முடியாது. கம்பெனி ரூல்.”

அக்கா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள். நான் அப்பாவின் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“யோசிச்சுச் சொல்றோம்,” என்றார் அப்பா.

“தாராளமா சார். மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நானே போன் பண்றேன்.”

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவர் மிதிப்பார். பல வருடப் பழக்கம், காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் இறங்குவதில்லை. டிவியில் யாராவது சாலையைக் கடந்தால் மிதிக்கும். அம்மா சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தால் மிதிக்கும். “இங்க என்ன வண்டியா ஓடுது? தரையில பள்ளம் விழுந்துடப் போகுது,” என்பாள் அம்மா.

பெண்கள் ஓட்டப் பழகும் வகுப்பு என்றால் நானும் சில நாள் துணைக்குப் பின் சீட்டில் போவேன். நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒருநாள் நர்ஸ் ஒருத்தி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். “சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்காதீங்க. இப்ப வண்டிய ஓட்டுறது நானா, நீங்களா? நான் பிரேக் போடறதுக்குள்ள அது தானா நிக்குது. இப்படியே போனா லைசென்ஸ் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கணும்.”

அப்பா சிரித்தார். “பழக்கதோஷம்மா,” என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த திருப்பம் வருவதற்குள் கால் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

அக்கா நீலப் பெட்டியோடு வந்தது மழைக்கு முன்னால். “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்,” என்றாள். மழை வந்து, போய், வெயிலும் ஏறிவிட்டது. அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. அதனால் அம்மாவுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். “அந்த வீட்ல நான் பேசினா எனக்கே கேக்கல, பூனை.”

நடந்தால் சத்தம் வராது என்பதால் எனக்கு வீட்டில் அந்தப் பெயர்.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. யாரோ எங்கோ பேசிப் பதிவு செய்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, அப்படியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். லேப்டாப் வாங்கியது அதற்காகத்தான். கட்டிலில் சப்பணமிட்டு, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டுவாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதைத் துடைத்து, அது வந்த மெல்லிய உறைக்குள் போட்டு, தெர்மாகோலுக்கு நடுவே சொருகி, சார்ஜர் வயரை வந்தபடியே சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாள். காலையில் மறுபடி பிரிப்பாள். தினமும் புதிதாக வாங்கியதுபோல. நீலப் பெட்டியும் அப்படித்தான், நாற்காலிமேல் திறந்தபடி கிடந்தது. வேண்டிய துணியை அதிலிருந்து எடுப்பாள், துவைத்ததும் அதிலேயே வைப்பாள்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அட்டைப் பெட்டியைப் பார்ப்பார். இவள் கிளம்பத் தயாராக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அம்மா அக்காவுக்கு விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில்தான் டீ கொடுப்பாள். நல்லதைக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு எண்ணம். அக்கா அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் ஜாக்கிரதையாகப் பிடித்துக் குடிப்பாள், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள்போல. அலமாரியில் என் துணியை ஒதுக்கி அவளுக்கு ஒரு தட்டு காலி செய்யலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“வேண்டாம்டி. நாம இடம் பண்ணிக் குடுத்தா, இனிமே அங்க போக வேண்டாம்னு நாமளே முடிவு பண்ண மாதிரி ஆயிடும். அவ மனசு நோகும்.”

அக்காவிடமும் கேட்டேன்.

“வேண்டாம் பூனை. நான் எடுத்து அடுக்கினா, நிரந்தரமா வந்துட்டாளேன்னு அப்பாவுக்குப் பாரமா இருக்கும்.”

இரண்டு பேரும் சொன்னதை இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். அக்கா போய்விடக் கூடாது என்று மட்டும் தினமும் நினைத்துக்கொண்டேன். நீலப் பெட்டியை மூடும் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்ப்பேன்.

யார் எது வாங்கினாலும், வாங்கிய பிறகு வந்து திட்டுவது எங்கள் சித்தப்பாவின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“வாரண்டியா? தண்டம்! கெட்டுப் போற மெஷின் முதல் மாசமே கெட்டுப் போகும். ஒரு வருஷம் தாங்கிட்டா அதுபாட்டுக்கு ஓடும். நடுவுல இவனுக்கு எதுக்கு அழணும்?”

“உங்க ஃபிரிட்ஜுக்கு மட்டும் அஞ்சு வருஷத்துக்குப் போட்டீங்களே,” என்றாள் அம்மா.

“அது உங்க தங்கச்சி போட்டது அண்ணி. என்னைக் கேட்டா போட்டா? அவ என்னையே அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கலாமான்னு பாக்கறவ.”

அக்காகூடச் சிரித்தாள். அவள் சிரித்ததில் எல்லாருக்கும் தெம்பு வந்து, ஆளாளுக்கு வாரண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் கொட்டினால் சேருமா, கீழே விழுந்தால் சேருமா, பேட்டரி சேருமா என்று. லேப்டாப்பைப் பற்றி இவ்வளவு பேச எங்கள் வீட்டில் விஷயம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போது அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல், “ஒரு வருஷமே ஜாஸ்தி. அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்,” என்றார்.

அப்பாவின் கால் அழுத்தியபடி இருந்தது. அக்கா எழுந்து போய் லேப்டாப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் வேலையே செய்திருக்கவில்லை.

மாதக் கடைசி அன்று மத்தியானம் போன் வந்தது. அப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தார், கை எச்சில். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

“சார், லேப்டாப் கடையிலேர்ந்து பேசறேன். வாரண்டிக்கு இன்னிக்குத்தான் கடைசி. அட்ரஸ் சொன்னீங்கன்னா நானே ஏத்திடறேன். இப்ப இருக்கிற வீட்டு அட்ரஸா சார், இல்ல வேற ஏதாவதா?”

அக்கா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. அப்பா அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மேஜைக்கு அடியில் அப்பாவின் கால், பாதமெல்லாம் வெளுத்துப் போகும் அளவுக்கு, தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

“அப்பா,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “காலை எடுங்கப்பா.”

அவர் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கால் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல. மெல்ல அதை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டார். எச்சில் படாத கையால் போனை அக்காவின் பக்கம் தள்ளினார்.

“உன் மெஷின். நீயே சொல்லும்மா.”

அக்கா மேஜையருகே வந்தாள். போனைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பேசினாள்.

“அட்ரஸ் நடுவுல மாத்தவே முடியாதா?”

“முடியாது மேடம். மூணு வருஷமும் ஒரே இடம்தான்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கால் மடக்கியபடியே இருந்தது. அப்படி வைத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நெற்றியில் தெரிந்தது.

“அப்ப வாரண்டி வேண்டாங்க,” என்றாள் அக்கா.

அம்மா கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

“மேடம், அப்புறம் ரிப்பேர்னா…”

“கெட்டா பாத்துக்கலாம். மூணு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. நன்றிங்க.” போனை அணைத்தாள். பிறகு, சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம், நிமிர்ந்து சொன்னாள். “எனக்கு ஒரு மேஜை வேணும்ப்பா. எத்தனை நாளைக்குத்தான் கட்டில்ல உக்காந்து அடிக்கிறது? முதுகு போயிடுச்சு.”

வந்த பிறகு முதல்முறையாக எங்கள் வீட்டில் அவள் எதையோ வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

“எத்தனை நாளைக்கு வேணும்?” என்று அம்மா கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியலம்மா. உங்களுக்குப் பாரமா இருந்தா சொல்லு.”

“பாரமா?” என்றார் அப்பா. “நீ அந்த டப்பாவத் தினமும் கட்டிக் கட்டி வெக்கிறதப் பாத்துத்தான்மா எனக்குச் சோறு இறங்கல.”

அக்கா அட்டைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “கீழ விழுந்துடக் கூடாதுன்னு வெச்சேன்பா,” என்றாள். அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். முழு உண்மை யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

சித்தப்பா வீட்டு மாடியில் சும்மா கிடந்த மேஜை சாயங்காலமே வந்து சேர்ந்தது. ஜன்னலோரம் போட்டோம். அதில் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அக்கா தட்டத் தொடங்கியதும் லேப்டாப்போடு சேர்ந்து ஆடியது. அப்பா காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்துப் பார்த்தார், நிற்கவில்லை.

“பூனை, அந்த அட்டை டப்பாவ எடு,” என்றாள் அக்கா.

நான் கத்தரியையும் சேர்த்து எடுத்துவந்தேன். அவளே ஒரு பக்கத்தை வெட்டி, மடித்து மடித்துத் தடிமனாக்கி, மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள். கையை ஊன்றி ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.