தறிச் செட்டின் ஞாயிற்றுக்கிழமை

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கிய முனீஸ்வரி, கம்பத்தைப் பிடித்துச் சற்று நின்றுதான் நடந்தாள். நரம்பு புடைத்திருக்கிறது, வாரம் ஒரு நாளாவது காலைத் தூக்கிப் போட்டுப் படு, இல்லையென்றால் நின்று பார்க்கிற வேலையையே மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள்தான் அவளிடம் இல்லை.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் செட்டில் அவளுக்கு வேலை. எல்லையில் சண்டை என்று கேள்விப்பட்டதும், கோயில் கொடை விழாவுக்கு இடம் பெருக்கப் போவதுபோல, காயம்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்காகக் கூலி வேண்டாமென்று பெண்கள் தாங்களாகவே ஒரு ஞாயிறு வந்து தறி ஓட்டினார்கள். தம்பி வல்லரசு பட்டாளத்தில் இருந்ததால் முதலில் கை தூக்கியவள் முனீஸ்வரிதான். மறுவாரமே மேனேஜர் தவசிமுத்து, ஞாயிறுதோறும் வந்தே ஆகவேண்டும் என்று அதைச் சட்டமாக்கிவிட்டார். போர்க்காலத்தில் லீவு கேட்டால் தேசத் துரோகம், போலீஸ் வரும் என்றார். சண்டை நின்றது. செட்டில் மட்டும் போர் நிற்கவில்லை.

இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் பானுப்பிரியா உட்காரச் சொன்னாள். முனீஸ்வரி போலீஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"நாங்களாத்தான் குடுத்தோம் மேடம். குடுத்துட்டு இப்ப ஏலாதுன்னு சொல்லலாமா?"

"பிரியப்பட்டுக் குடுத்தது அன்னைக்கோட முடிஞ்சுதுக்கா. போரே நடந்தாலும் கட்டாய வேலை வாங்க அரசாங்கம்தான் உத்தரவு போடணும். ஒங்க மேனேஜர் என்ன கவர்னரா?"

வார லீவை நிறுத்தவும் அரசு உத்தரவு வேண்டும், லீவு கேட்பது குற்றமில்லை, வேலையை விட்டு நிறுத்தினால் மறுநாளே இங்கே வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் செட்டு வாசலிலேயே தவசிமுத்து பிடித்துக்கொண்டார். கால் வலிக்கிறது, இனி ஞாயிறு வர ஏலாது என்றாள்.

"ஏட்டி, ஒந்தம்பி அங்க துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கான். ஒனக்கு இங்க காலு வலிக்கோ?"

"அவனுக்கும் லீவு உண்டு அண்ணாச்சி, அடுத்த மாசம் வாரான். எனக்குக் கிடையாதுன்னு கவர்மெண்டு போட்ட உத்தரவக் காட்டுங்க. எம்புட்டு நேரம்னாலும் நிக்கேன்."

உள்ளே ஒவ்வொரு தறியாக ஓசை அடங்கியது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக அவர் முனகினார். கேட்க வேண்டியதில்லை, ஞாயிறு யாரும் வரமாட்டோம், திங்கள் ஷிப்டுக்குச் சரியாக வந்துவிடுவோம் என்றாள் முனீஸ்வரி.

ஞாயிறு முழுக்கத் தலையணைமேல் காலைப் போட்டுத் தூங்கினாள். திங்களன்று கேட்டில் யாரும் மறிக்கவில்லை. தவசிமுத்து பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பக்கத்துத் தறியில் வெள்ளத்தாய் தன் தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். முனீஸ்வரி கோர்ட்டுக்குப் போன அன்று, யாரும் சொல்லாமலே, முனீஸ்வரியின் தறிகளையும் தன் தறிகளோடு சேர்த்து ஓட்டியவள். அந்த ஒரு ஷிப்டு உழைப்பை முனீஸ்வரி அவளுக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.