ஆண் எலிகளின் வாடை

ஹெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக் கடைசியில் மானியக் குழுவின் முன் அவளுடைய கண்டுபிடிப்பைச் சொல்லப்போவதில்லை என்று ஆய்வகத் தலைவர் டெஸ்மண்ட் காபியைக் கலக்கிக்கொண்டே அறிவித்துவிட்டார். நான்கு வருட உழைப்பு குப்பைக்கு!

"நீ லீவுல இருந்தப்போ திரும்பப் பண்ணிப் பாத்தோம், வரல. பொட்டை எலின்னாலே தலைவலிதான் ஹெட்டி. நேரத்துக்கு ஒரு புத்தி."

"நேரத்துக்கு நேரம் மாறுதுங்கிறதுதானய்யா என் கண்டுபிடிப்பே!"

அதுதான் விஷயம். பெண் எலியின் பால்சுரப்பியில் புதுத் திசுவை உண்டாக்கும் முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. சினைச்சுழற்சியில் ஹார்மோன் ஏறினால் அவை பெருகும், இறங்கினால் அடங்கும். எலி சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அந்தச் செல்களை எண்ணுவதில் அர்த்தமே இல்லை. இவர்கள் பார்க்கவில்லை. பார்க்காமலே பொய் என்று சொல்ல என்ன துணிச்சல்!

நேராக எலி அறைக்குப் போனாள். ஒவ்வொரு எலியிடமும் பிறப்புறுப்புக் கசிவெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றுக்குக்கூடச் சுழற்சி ஓடவில்லை.

அப்போதுதான் எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது. ஆண் எலிகளின் கூண்டுகளைக் காணவில்லை.

"அதையெல்லாம் டெஸ்மண்ட் சார் மேல்மாடிக்கு மாத்தச் சொல்லிட்டாரு" என்றான் கூண்டு பராமரிக்கும் கோஸ்டா. "அவரு ரூமுக்கு நாத்தம் வருதாம்."

ஹெட்டி தலையில் அடித்துக்கொண்டாள். ஆண் வாடையே இல்லாமல் பெண் எலிகளைக் கும்பலாக அடைத்தால் சுழற்சி நின்றுபோகும். இந்தத் தொழிலில் முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆய்வகத் தலைவருக்கு மட்டும் மூக்குதான் முக்கியமாகிவிட்டது.

மேலே போய், ஆண் எலிகள் நனைத்த மரத்தூளை அள்ளிவந்து பெண் எலிகளின் கூண்டுகளில் போட்டாள். அந்த வாரமே சுழற்சி திரும்பியது. சரியான கட்டத்தில் எடுத்த சுரப்பிகளில் முன்னோடிச் செல்கள் பழையபடி பெருகியிருந்தன.

நுண்ணோக்கிப் படங்களை டெஸ்மண்டின் மேசையில் போட்டாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அசடு வழியச் சிரித்தார்.

"ஆக, கடைசில ஒரு ஆம்பளை தேவைப்பட்டிருக்கான்."

"ஆம்பளை வேணாம் டெஸ்மண்ட், அவன் மூத்திரம் போதும். கூண்டுங்க இன்னைக்கே கீழ வருது. நாத்தம் தாங்கலைன்னா நீங்க மாடிக்குப் போங்க."