கருவிழியைத் தாங்கிய பாலம்

கருவிழி உருண்டுகொண்டிருக்கிறது, மெஷின் மேஜையின் காலைச் சுற்றி, மரத்தூளில் சின்னதாய் ஒரு கோடு போட்டபடி, புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், நான் மண்டியிட்டுத் தேடுகிறேன், வலது கை எனக்கு முன்னால் தரையில் தன் போக்கில் ஆடிக்கொண்டு போகிறது, அது என் கையே இல்லை, வாடகைக்கு வந்து காலி செய்ய மறுக்கிற யாரோ ஒருவருடையது என்றுதான் சில மாதங்களாக நினைத்துவந்தேன், விரல்கள் கருவிழியைத் தொட்டதும் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டேன், அறையில் வேறு யாரும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல், பக்கத்து வீட்டில் குக்கர் கத்துகிறது, ஆனாலும் யாரோ பார்த்துவிட்டதுபோல் முகம் சுட்டது. மேஜைமேல் பலகை கிடக்கிறது, அதில் யானையின் கண், இமை, இமையைச் சுற்றி அடுக்கடுக்காய்ச் சுருக்கங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஓட்டை.

மரத்தில் படம் அறுக்கிற ஸ்க்ரோல் சா பிடிவாதக்கார மெஷின், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த அதன் பிளேடு நின்ற இடத்திலேயே நின்று மேலும் கீழும் ஓடும், நாம்தான் பலகையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக் கோடு போகிற பக்கமெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும், உள்ளே வெட்ட வேண்டுமென்றால் பலகையில் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைவழியாகக் கோத்து, மறுபடி மாட்டி, இப்படி வெட்டி எடுத்ததெல்லாம் போக மிச்சம் நிற்பதுதான் படம், அந்த மிச்சத்தில் எந்தத் துண்டும் அந்தரத்தில் நிற்க முடியாது, எங்காவது ஒரு மெல்லிய மரக்கீற்று அதைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும், அதை நாங்கள் பாலம் என்போம், கருவிழிக்குக் கீழே அப்படி ஒரு பாலம் இருந்தது, தீக்குச்சி அகலம்கூட இல்லை, அதன்மேல் என் கை பிளேடை ஏற்றிவிட்டது. நேற்று வந்தவன் செய்கிற தப்பு. நேற்று வந்தவர்கள் அதைச் செய்தபோதெல்லாம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாங்கள் என்றால் கோயம்புத்தூரில் சம்பத்தின் கார் ஷெட்டில் மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு கூடுகிறவர்கள், மற்ற நாள்களில் வாட்ஸப்பில் இருப்பவர்கள், சம்பத் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காரை வெயிலில் நிறுத்திவிட்டு மெஷின்களை நிழலில் வைத்திருக்கிறார், சாவி மாட்டும் பலகை, வீட்டுப் பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவுக்கு ஒரு மயில், பேத்தி கேட்டாள் என்று ஒரு டைனோசர், வெட்டியதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவோம், பேட்டர்னை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, பிசிறு இருந்தால் பிசிறு என்று சொல்லியாக வேண்டும், வெட்டினவர்தான் திருத்த வேண்டும், வேறு யாரும் கைவைக்கக் கூடாது. கடைசி இரண்டு விதிகள் என்னுடையவை. பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனிலேயே தலை நரைத்தவன் நான், வார்ப்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு ரிஜெக்ட் என்று தள்ளிவைத்தால் அதற்கு மேல் முறையீடு கிடையாது, ஷெட்டுக்கும் சட்டைப்பையில் அதே சாக்பீஸோடுதான் போவேன், ஆசையாசையாய்க் கொண்டுவந்து நீட்டுவார்கள், நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து ஒரு வட்டம் போடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள், வட்டம் வாங்கியவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், அந்தச் சிரிப்பை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அதிகம் வட்டம் வாங்கியது வேதவல்லி, திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள், துணி கிழிக்கிற வேகத்தில் மரத்தையும் வெட்டுவாள், ஒருமுறை அவள் கொண்டுவந்த முருங்கைக்கிளை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, எலி கடிச்ச மாதிரி இருக்குதுங்க அம்மணி என்றேன், ஷெட்டே சிரித்தது, அவள் கிளையை வாங்கித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்ததுல பாக்கறனுங்கண்ணா என்றாள், அவ்வளவுதான். அடுத்ததும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பலகைகளுக்குச் சாயமும் வார்னிஷும் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, கடை மொட்டைமாடியில் காய வைப்பாள், அதனால் கூட்டாகச் செய்கிற வேலை எதுவானாலும் எல்லாத் துண்டும் கடைசியில் அவளிடம்தான் போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் பின்னால் கண் விஷயத்தில் அப்படிச் செய்தேன்.

கூட்டு வேலை இந்த வருடம் யானைக்கூட்டம், கிளை நூலகத்தில் குழந்தைகள் படிக்கிற அறையின் சுவர் முழுக்க, ஒருவருக்குக் காது, ஒருவருக்குத் தும்பிக்கை, வேதவல்லிக்குப் புல், அவரவர் வீட்டில் வெட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது, கண் மட்டும் எப்போதும் எனக்கு, மானானாலும் கழுகானாலும், இதில் முன்னால் நிற்கிற பெரிய யானைக்கு மட்டும்தான் கண் தெரியும், சம்பத் அதைக் கண் திறப்பு என்பார், சார் வந்து கண்ணத் தொறந்தாத்தான் உசுரு வரும் என்பார், எனக்கு அது பிடிக்கும், இப்போது சொல்வதற்கென்ன, ரொம்பவே பிடிக்கும். கை ஆட ஆரம்பித்த பிறகும் கண்ணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கையைச் சட்டையின் பக்கவாட்டுப் பையில் வைத்துக்கொள்ளப் பழகினேன், இடது கையால் டீ குடிக்கப் பழகினேன், வீட்டில் மனைவி காப்பியை அரை டம்ளராகக் கொடுக்க ஆரம்பித்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, குடித்து முடித்ததும் மீதி அரையைக் கொண்டுவந்து ஊற்றுவாள், எனக்கு ஆத்திரமாக வரும், அவள்மேல், காப்பிமேல், அந்த டம்ளர்மேல்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால் மரத்தூளைப் பசையில் குழைத்தேன், அறுந்த பாலத்தின் இடத்தில் வைத்துக் கருவிழியை அதன்மேல் உட்காரவைத்தேன், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன், சாயம் ஏறாத பலகையில் ஒட்டு தெரியவே இல்லை, நானே கண்ணாடி போட்டுத் தேடினேன், தெரியவில்லை, ஆனால் சாயம் ஏற்றினால் பசை இருக்கிற இடம் மட்டும் சாயம் குடிக்காது, வெளுப்பாகத் தேமல்போலத் தெரியும், இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் இது தெரியும், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கண்ணில் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், சாயம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. அப்படியிருந்தும் வெள்ளைத்துணியில் சுற்றி வேதவல்லியின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் துணியைப் பிரிக்கப் போனாள், அப்புறமாப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன், அன்றிலிருந்து யானைகள் வந்தன, கனவிலா, மதியத் தூக்கத்திலா, கட்டிலைச் சுற்றி நிற்கும், ஒன்றுக்கும் கண் இல்லை, தும்பிக்கையால் என் சட்டைப்பையைத் துழாவும், கை உள்ளே ஆடும், கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன், விழித்துப் பார்த்தால் மனைவி அரை டம்ளரோடு நிற்பாள்.

நூலகத்தில் திறப்பு விழா அன்று சுவரைப் பார்க்காமல்தான் உள்ளே போனேன், தேமல் விழுந்த கண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாராவது ஏதாவது கேட்பார்கள், மெஷினில் கோளாறு என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், தலையை நிமிர்த்தினேன், யானை என்னைப் பார்த்தது. முழுக் கண், ஒரே சீராகச் சாயம் குடித்த கண், கருவிழிக்குக் கீழே தீக்குச்சி அகலம்கூட இல்லாத அந்தப் பாலம் அறாமல் நிற்கிறது, அறுந்த பாலம் திரும்ப முளைக்காது, அது என் கண் இல்லை, யாரோ புதிதாக ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார்கள். நூலக அதிகாரி அம்மா மைக்கைப் பிடித்து, இந்தக் கண்ணை வெட்டியவர் யார் என்று கேட்டார், சம்பத் என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார், சால்வை போட்டார்கள், ரெண்டு வார்த்தை பேசுங்க சார் என்றார்கள், நான் குழுவைப் பார்த்தேன், சம்பத் போனைத் தடவிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள், வேதவல்லி மின்விசிறியைப் பார்த்தாள், ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை, அப்போது புரிந்தது, எல்லோருக்கும் தெரியும், கண் மட்டுமல்ல, கையும் தெரியும், எப்போதோ தெரியும். நான் மைக்கில் நன்றி என்றேன், அதைத்தான் சொன்னேன், அந்தக் கண் என்னுடையதல்ல என்று சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி என்றேன், அவர்கள் கை தட்டினார்கள், ஆத்மார்த்தமாகத் தட்டினார்கள், கூசிப்போய் நின்றேன், எந்தத் திட்டும் என்னை அப்படிக் கூச வைத்ததில்லை, சால்வைக்கு உள்ளே கை அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன், வெட்டினவரைத் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லப் போனேன், வேதவல்லி திரைச்சீலை அளந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் ஸ்கேலைக் கீழே வைத்தாள், வாங்கண்ணா என்றாள், மேலே போலாங்களா என்றாள், மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தாள். பெட்டி நிறையக் கண்கள். எலி கடித்த கண்கள், இமை பிளந்தவை, கருவிழி போனவை, பாலம் அறுந்தவை, மேலே இருந்ததெல்லாம் கொஞ்சம் தேவலை, கீழே கீழே போகப் போக மோசம், அவசரக்காரி, உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள், என்னைப் போலவே வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள், என் பாலத்தை என்னைப் போலவே நிறுத்த. வெயிலில் எல்லாக் கண்களும் என்னைப் பார்த்தன. அவள் தனியாக ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள், என் வெள்ளைத்துணி, உள்ளே என் கண், சாயம் ஏறி, கருவிழிக்குக் கீழே வெளுத்த தேமல், அந்தத் தேமலைச் சுற்றிச் சிவப்புச் சாக்பீஸில் ஒரு சின்ன வட்டம்.

ரிஜெக்டுங்கண்ணா, என்றாள், சிரிக்காமல், குத்தலும் இல்லாமல். கண்ணுல ஒட்டுப் போடக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.

என்கிட்டக் குடுத்திருக்கலாமில்லீங்க அம்மணி, என்றேன், நானே திருத்தியிருப்பேனே என்று வந்த மீதியை வாய் முழுங்கிவிட்டது, ஏனென்றால் திருத்தியிருக்க முடியாது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள், உள்ளே கை அசைந்துகொண்டிருந்தது, கையப் பத்திச் சொல்லியிருந்தீங்கன்னா நாங்களும் வாயத் தொறந்து பேசியிருப்பமுங்க, நீங்க ஒளிக்கறீங்க, நாங்களும் பாக்காத மாதிரியே இருந்துட்டமுங்க என்றாள். நான் என் கண்ணைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன், வீட்டுக்கு வந்ததும் மனைவி அரை டம்ளர் கொண்டுவந்தாள், முழுசாவே ஊத்து, சிந்தினாச் சிந்தட்டும் என்றேன், அவள் உள்ளே போய் முழு டம்ளர் கொண்டுவந்தாள், வேட்டியெல்லாம் காப்பி.

இன்று இரண்டாம் ஞாயிறு, சம்பத்தின் கார் வெயிலில் நிற்கிறது, நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதே பேட்டர்னை ஒட்டிய பலகை, அதே கண், வெட்டப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன், எல்லோர் முன்னாலும், வலது கையை வெளியே எடுத்துப் பலகைமேல் வைத்தேன், பலகை படபடவென்று அடித்துக்கொண்டது, ஷெட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை, வேதவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து தன் கையையும் பலகைமேல் வைத்து அமுக்கினாள், ம், ஓட்டுங்க என்றாள், சுருக்கங்கள் வந்தன, சில கோணலாக, சில சுமாராக, இமை வந்தது, பாலத்துக்கு வந்தபோது கை எகிறியது, அவள் பிடித்தும் நிற்கவில்லை, பிளேடு ஏறிவிட்டது, கருவிழி கீழே விழுந்து உருள்கிறது, மேஜைக்காலைச் சுற்றி மரத்தூளில் கோடு போட்டபடி, எல்லோரும் மண்டியிட்டுவிட்டார்கள், சம்பத் போன் வெளிச்சத்தை அடிக்கிறார், அங்க பாருங்க, இங்க பாருங்க, நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை பெரிய மனிதர்கள் என் காலடியில் தவழ்கிறார்கள், எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கிறது, அப்படி ஒரு வெட்கம், காது மடலெல்லாம் சுடுகிறது. அகப்பட்டுருச்சுங்க என்று வேதவல்லி எழுந்தாள், தலைமுடியில் மரத்தூள், கருவிழியை ஊதித் துடைத்தாள், கைய நீட்டுங்கண்ணா என்றாள், நான் இடது கையைத்தான் நீட்டப் போனேன், நிறுத்திக்கொண்டு வலது கையை நீட்டினேன். கருவிழி என் உள்ளங்கையில் கிடந்து ஆடுகிறது, சுற்றி நின்று எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை, வெட்கம் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் நான் கையை மூடவில்லை.