ஐந்தாம் ஜோடி

எங்கள் பட்டறையில் என் நாத்தனாருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. நான் ரீலில் படம் ஒட்டுகிறவள். அவர் அதைச் சரிபார்க்கிறவர். வீட்டில் நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பவரும் அவரே.

ரீல் என்றால் வட்டமான அட்டை. அதில் நகமளவு ஃபிலிம் துண்டுகள் பதினான்கு, அதாவது ஏழு ஜோடி. ஜோடியில் ஒன்று இடக்கண்ணுக்கு, மற்றது வலக்கண்ணுக்கு. இடுக்கியால் எடுத்து எதிரெதிர் குழிகளில் ஒட்டவேண்டும். இடம் வலம் மாறினால் தொலைந்தது. ரீலைச் செருகி இரண்டு கண்ணிலும் வைத்துப் பார்க்கும் பெட்டியான வியூவரில் தூரத்து மலை முன்னால் வந்து நிற்கும், முன்னால் நின்ற ஆள் பின்னால் போய்விடுவார். ஒற்றைக் கண்ணுக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது.

அதுதான் எங்கள் கவலை. நாத்தனாருக்கு வலக்கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். "பார்வை வந்துடும். ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுமான்னு போகப்போகத்தான் தெரியும்" என்று இழுத்தார் டாக்டர். சேராவிட்டால் சரிபார்க்கும் மேசை கைவிட்டுப் போகும். பதினெட்டு வருடமாக வேறு யாரையும் அவர் அண்டவிடாத மேசை. எடுத்ததற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்கிற மனுஷி ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலைதான் மறுபடி வேலைக்கு வந்தார். முதல் ரீல் என்னுடையது. வியூவரைக் கண்ணில் வைத்து, பிடியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஐந்தாவது படத்தில் அவர் கை நின்றது.

"ஏய், இங்க வா. கண்ண எங்க வச்சிக்கிட்டு ஒட்டின? குடை பிடிச்சவ பின்னாடி போயிட்டா, அவளுக்குப் பின்னாடி இருந்த சுவரு வந்து என் மூக்குல இடிக்குது!"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அவர் கண்ணையே நினைத்துக்கொண்டு ஒட்டியதில் அந்த ஜோடியை மாற்றி வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

வேறொரு நாளென்றால் பேச்சுக்குப் பேச்சு கொடுத்திருப்பேன். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

"என்னடி பல்ல இளிக்கிற? திட்டிக்கிட்டு இருக்கேன்ல?"

"நல்லா திட்டுங்கக்கா. சுவரு எங்க இடிக்குதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

வியூவரை மறுபடி கண்ணில் வைத்தார். வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"மூக்குலதாண்டி," என்றார். "நல்லாவே இடிக்குது."