பெருக்கு வண்டி

பந்தயத்துக்கு முந்தின வாரம், சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே அவள் புருஷன் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இந்தத் தடவை பெருக்கு வண்டி நம்ம வேன்தான். கேட்டாங்க, சரின்னுட்டேன்."

பல்செட் அக்காவுக்கு வாயிலிருந்த காப்பி கசந்துபோயிற்று. செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பதால், கூட ஓடுகிறவர்கள் வைத்த பெயர் அது. பெருக்கு வண்டி என்பது ஓட்டக்காரர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு, குறித்த வேகத்தில் உருண்டு வரும் வேன். அது யாரைத் தாண்டுகிறதோ அவர் கதை அத்தோடு முடிந்தது. மரியாதையாக ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். போன சீசனில் அவள் ஓடிய அத்தனை பந்தயத்திலும் அதில்தான் வந்து இறங்கினாள். ஒரு தடவையாவது முடிவுக்கோட்டைக் காலால் மிதித்திருக்க வேண்டுமே, ஊஹும். "ஓடப் போறியாம்மா, சவாரி போறியா?" என்று பெற்ற மகளே கேட்கிற அளவுக்கு மானம் கப்பலேறிவிட்டது.

"ஊர்ல வேற வேனே இல்லையா? பொண்டாட்டிய அள்ளிப் போடத்தான் ஸ்கூல் வேன் வாங்கினீங்களா?"

"நீ முன்னாடி ஓடு. நான் ஏன் அள்ளப்போறேன்?"

"பாவம் பார்த்து மெதுவா ஓட்டினீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

"நான் என்னைக்கு ரூலை மீறியிருக்கேன்?"

வாஸ்தவம்தான். ஈ காக்கை இல்லாத ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும் ஜென்மம் அது. ஆனாலும் கட்டின புருஷன் ஆயிற்றே! பெண்டாட்டி தள்ளாடினால் கால் தானாக பிரேக்குக்குப் போகாதா? அந்த நினைப்புதான் அவளை அரித்தது. இந்த முறை முடித்தே ஆக வேண்டும், அதுவும் யார் தயவும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேனிடமிருந்து எவ்வளவு தூரம் ஓடிவிட முடியுமோ ஓடிவிட வேண்டும் என்ற வெறியில், செய்யவே கூடாத காரியத்தைச் செய்தாள். பரிசு வாங்குகிற இளவட்டங்களோடு முன்வரிசையில் போய் நின்றுகொண்டாள். விசில் ஊதியதும் அவர்கள் பறந்தார்கள், இவளும் பறந்தாள். மாசக்கணக்காக விடியலில் எழுந்து பழகிய நிதானம் போன இடம் தெரியவில்லை.

கடைத்தெரு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. பாலம் வருவதற்குள் அடிவயிற்றை யாரோ ஈரத்துணியாகப் பிழிந்தார்கள். ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு ஓடிய ஓர் அப்பாகூடத் தாண்டினார். குழந்தை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது. 'முன்னாடி போய் நின்னியே, நல்லா வேணும் உனக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளுக்கும் பின்னால் வந்த நாலைந்து பேரை வேன் அள்ளிவிட, கடைசியில் ரோட்டில் அவள் மட்டும்தான். அப்போது பின்னால் அந்தக் கடகட சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவில்கூட அவளுக்கு அது தெரியும். நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கால் இரண்டும் உட்கார இடம் கேட்டன. ஏறிவிட்டால்தான் என்ன, தெரிந்த டிரைவர்தானே என்றுகூட மனசு சொன்னது.

பாம்! பாம்!

தாண்டப் போகிறேன், ஓரம் போ என்று அர்த்தம்.

"அடப்பாவி மனுஷா! எனக்கா ஹார்ன் அடிக்கிற?"

வந்ததே ஆத்திரம்! ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவள் தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். வலியாவது வயிறாவது! மைதானத்து வாசலில் திரும்பும்போது இஞ்சின் சூடு முதுகில் அடித்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தலைதெறிக்க ஓடிக் கோட்டை மிதித்தாள், இரண்டு காலாலும் மிதித்தாள். அதற்கப்புறம்தான் வேனின் மூக்கு கோட்டுக்கு வந்தது.

யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நேராக டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள்.

"உண்மையைச் சொல்லுங்க. மெதுவா ஓட்டினீங்களா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். பக்கத்து சீட்டில் பந்தயக் கமிட்டிப் பெண் இருந்தாள்.

"நீங்க வேறக்கா! கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணேன்னு நானே கெஞ்சினேன். பின்னால ஏறினவங்க அத்தனை பேரும் கத்தினாங்க. மனுஷன் அசையணுமே! 'நான் பிரேக்கை மிதிச்சா அவ ஓடினதுக்கு என்ன மரியாதை?'ன்னுட்டாரு. வழியெல்லாம் அழுதுகிட்டேதான் ஓட்டினாரு."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கும் கண்ணும் சிவந்து கிடந்தன. வேனுக்குள்ளிருந்து கைதட்டல் வெடித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அடுத்த பந்தயத்துக்கும் நீங்களே வாங்க," என்றாள். "என்னைப் பிடிங்க பாக்கலாம்!"