உள்ளறை ரிமோட்

வெள்ளத்துரை சுவர் அலமாரிக்குள் கையை விட்டு, அகப்பட்ட ஒயரைப் பிடித்து இழுத்தான். கூடத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சி நின்றது. அப்பா நல்லமுத்து இறந்து அரை மணி நேரம் ஆன பிறகுதான், டிவி இன்னும் ஓடுவது யாருக்கோ உறைத்தது. ரிமோட்டைத் தேடினார்கள். அது அவருடைய இடது கைக்குள் இருந்தது. மாரிக்கனி கணவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அது அவள் கைக்கு வந்ததே இல்லை.

நல்லமுத்து முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். தூத்துக்குடிக்கு லோடு போகும்போது பந்தல்குடியில் வீட்டைக் கடக்கையில் ஹாரன் அடிப்பார். அவள் ஈரக்கையோடு வாசலுக்கு வருவதற்குள் வண்டி வளைவைத் தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த நாட்களில் தூங்கித் தீர்த்தார். வண்டியை விட்டதும் இரண்டு பேருமாக எங்காவது போய் வரலாம் என்று அவள் நினைத்திருந்தாள். விட்ட மூன்றாம் மாதம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது.

வெள்ளத்துரைக்குக் கோயம்புத்தூரில் வசதியான வீடுகளில் டிவியும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுக்கும் வேலை. பெட்டி, ஒயர் எதுவும் கண்ணில் படக் கூடாது என்பார்களாம் அந்த வீட்டுக்காரர்கள். கரிசல் தூசியில் இரண்டு செட்டாப் பாக்ஸ் கெட்டுப்போனதும், அவன் இங்கேயும் அதை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். அப்பா படுத்திருந்த உள்ளறையின் வாசல் நிலைக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் கண்ணை ஒட்டி, அதிலிருந்து அலமாரிவரை ஒயர் இழுத்தான். கட்டிலில் இருந்தபடியே ரிமோட்டை அந்தக் கண்ணுக்குக் காட்டி அழுத்தினால் கூடத்தில் சேனல் மாறும்.

முதலில் உள்ளறைக்கென்றே ஒரு சின்ன டிவிதான் வாங்கி வந்தான். அவர் இடது கையை ஆட்டி மறுத்துவிட்டு, கூடத்தைக் காட்டினார். பெரிய டிவி கேட்கிறதாக்கும் என்று மாரிக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்காரும்போது அவளுடைய தொடர் வந்து நிற்கும். சலிப்பு தட்டினால், அவள் வாய்திறக்கும் முன்பே சேனல் மாறும். சிரித்தால் மாறாது. கண் அயர்ந்தால் சத்தம் தானாகக் குறையும். அவரும் தூங்கப்போகிறார் என்று நினைத்துக்கொள்வாள். 'இம்புட்டு வயசுக்கு மேலதான் ரெண்டு பேருக்கும் ஒரே ருசி வந்திருக்கு' என்று கணவனின் அக்கா கருத்தம்மாளிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மத்தியானம் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த மாரிக்கனியை, கொஞ்ச நேரம் கிடக்கச் சொல்லிக் கருத்தம்மாள் உள்ளறைக்கு அனுப்பினாள். மெத்தையை வெளியே போட்டிருந்தார்கள். வெறும் கட்டில். கட்டில் போக ஒரு ஆள் நிற்கத்தான் அங்கே இடம். மாரிக்கனி அவர் தலை வைத்த இடத்தில் தலை வைத்து, அவரைப் போலவே நிலைப்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

டிவி தெரியவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். கீழே நகர்ந்து பார்த்தாள். கஞ்சி கொடுக்க அவள் நிற்கும் கால்மாட்டில் இருந்துதான் திரை தெரிந்தது. தலைமாட்டுக்குத் திரும்பினால் நிலைச்சட்டம் அதை முழுசாக மறைத்தது. மிச்சம் கண்ணில் பட்டது கூடத்துச் சுவரில் ஒரு ஆள் அகலம். அதில் அவள் தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை. அதற்குக் கீழே இப்போது கருத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம், மடியில் கிடந்த கை, கால் விரல்வரை தெரிந்தது.

"தூக்கம் வரலையா தாயி?" என்றாள் கருத்தம்மாள்.

"இங்கன படுத்தா டிவி தெரியல மதினி."

"தெரியலையா? அப்ப எந்தம்பி ரெண்டு வருசமா என்னத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தான்?"

மாரிக்கனி மறுபடி தலைமாட்டில் தலையைச் சாய்த்து அந்தச் சுவரைப் பார்த்தாள்.

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சுடுகாட்டில் இருந்து ஒருசிலர் திரும்பியிருக்க வேண்டும். காப்பிக்கு ஏற்பாடு செய்யலாம் என்று கருத்தம்மாள் கையை ஊன்றி எழப்போனாள்.

"மதினி, செத்த நேரம் அங்கனயே இருங்க."

"எதுக்கு?"

"சும்மாதேன்."

கருத்தம்மாள் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலை மெதுவாக நீவிக்கொண்டாள்.